உபதேசியார் நேர்ந்த சேவல்

உபதேசியார் தேவசகாயம் ஏரிக்கரை முனீஸ்வரனைத் திட்ட ஆரம்பித்தால் பிரம்மதேசம் சேரியே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். நாலு செங்கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்துச் சாமி என்கிறீர்களே, சேவலைத் தின்பது செங்கல்லா, பூசாரியா என்று கேட்பார். அந்தப் பூசாரி வேறு யாருமில்லை, அவருடைய சொந்தத் தாத்தாதான். அதனாலேயே அவர் திட்டினால் எடுபட்டது. சேரியில் பாதிப் பேர் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தது அவர் வாயால்தான் என்று திண்டிவனத்துப் போதகர் ஐயாவே சொல்லியிருக்கிறார். மனிதருக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இல்லாமல் என்ன.

பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஜனங்கள் சட்டி பானையோடு திண்டிவனத்துக்கு ஓடிவந்த சித்திரை மாதம் அது. தேவசகாயம் குப்பம்மாளைத் திண்டிவனத்துக்கு அழைத்துப் போயிருந்தார். குப்பம்மாள் புருஷனை இழந்தவள், நடவுக்கும் களைக்கும் போய்ப் பிழைக்கிறவள். அவளுடைய ஆறு வயது மகள் அம்சாவை மிஷன் போர்டிங்கில் சேர்த்தால் மூன்று வேளை சோறும் நாலு எழுத்தும் கிடைக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை தாய் ஞானஸ்நானம் வாங்க வேண்டும், வாங்கினால் பிள்ளைக்கு இடம் நிச்சயம் என்று எழுதிக்கொண்டார்கள். திரும்பும்போது, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ் பாதி வழியில் இருமி இருமி நின்றுவிட்டது. இருட்டில் நடந்தே வந்தார்கள். அம்சா தாயின் தோளில் தூங்கிப்போயிருந்தாள்.

ஏரிக்கரை ஏறும்போது குப்பம்மாள்தான் முதலில் நின்றாள். வற்றிக் கிடந்த ஏரிக்கு மேலே, வானத்தில், ஐந்து வெளிச்சம். அகல் சுடரின் நிறம். வரிசையாக நின்றன. ஏரோப்ளேன் என்றால் சத்தம் கேட்க வேண்டும், ஒரு சத்தமும் இல்லை. நட்சத்திரம் என்றால் நகரக்கூடாது, இவை மெல்ல இறங்கிக் கரையைப் பார்த்து வந்தன. தேவசகாயம் கையைக் கூப்பினார். ஜெபம் பண்ண வேண்டும் என்றுதான் நினைத்தார். வாயைத் திறந்தார். வந்தது ஜெபம் இல்லை.

“முனீஸ்வரா, எங்கப்பனே, காப்பாத்து! கருஞ்சாவலு விடறேன்!”

ஆள் மண்ணில் விழுந்து கிடந்தார். வெளிச்சங்கள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகச் செஞ்சி மலைப் பக்கம் நகர்ந்து அவிந்துபோயின. அது என்ன வெளிச்சம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

குப்பம்மாள் கீழே கிடந்த அவர் துண்டை எடுத்து, மண்ணைத் தட்டி, அவர் கையில் கொடுத்தாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. வீடு வரைக்கும் காது மடல் எரிந்தது. யாரோ மிலிட்டரிக்காரன் காட்டின விளக்கு, வெளியே சொல்லிக்கொண்டு திரியாதே என்றார். சரிங்க என்றாள்.

குப்பம்மாளிடம் ஒரு கருஞ்சேவல் இருந்தது. சேரிக்கே அதுதான் கடிகாரம். அது கூவினால்தான் தேவசகாயம் எழுந்து காலை ஜெபத்துக்கு வேதக்கோயில் மணி அடிப்பார். வெள்ளிக்கிழமை விடிந்து வெயில் ஏறியும் சேவல் கூவவில்லை, மணியும் அடிக்கவில்லை. ஆடு மேய்க்கிற மண்ணாங்கட்டிதான் சங்கதியைக் கொண்டுவந்தான். வேதத்துக்கு வரப்போகிற குப்பம்மாள் முந்தின நாள் சாயங்காலம் முனீஸ்வரனுக்குச் சேவல் அறுத்தாளாம்!

அது யாருக்காக அறுத்தது என்று தேவசகாயத்துக்குத் தெரியும். நேர்ந்துகொண்டு கொடுக்காவிட்டால் முனி அடிக்கும். அடித்தால் நேர்ந்தவனைத்தான் அடிக்கும். சேரியில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவள் வீட்டுக்குப் போய்க் காலில் விழலாம் என்று மூன்று தரம் கிளம்பினார். மூன்று தரமும் பாதித் தெருவில் திரும்பிவிட்டார். அவமானம் பிடுங்கித் தின்றது, ஆனால் கால் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போதகர் ஐயா வந்தார். விஷயம் அவர் காதுக்கு அதற்குள் போயிருந்தது. சபை நடுவில் குப்பம்மாளை நிறுத்தி ஏனம்மா இப்படிச் செய்தாய் என்று கேட்டார்.

“வானத்துல வெளிச்சத்த பாத்து பயந்துட்டேங்க ஐயா. நேந்துக்கினேன்.”

அவர் தேவசகாயம் பக்கம் திரும்பினார். கூடத்தானே வந்தீர்கள் உபதேசியாரே, என்ன வெளிச்சம் அது என்றார்.

நேர்ந்தவன் நான் என்று இரண்டு வார்த்தை போதும். சேரி முழுக்க அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. எந்த வாய் முனீஸ்வரனைத் திட்டிச் சிரிக்கவைத்ததோ அந்த வாயை.

“நான் ஒண்ணும் பாக்கலீங்க ஐயா.”

குப்பம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். போதகர் பொல்லாதவர் இல்லை. இன்னும் ஒரு வருஷம் பாடம் கேட்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். ஆனால் போர்டிங் இடம் ஒரு வருஷம் காத்திருக்காது. அது வேறொரு பிள்ளைக்குப் போனது.

ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு, புளியமரத்தடியில் தேவசகாயம் அவளை மறித்து, ஏன் இப்படிப் பண்ணினாய் என்று கேட்டார்.

“நேந்தது நீங்க. முனி உங்கள தேடிக்கினு வந்தா எங்களுக்கு யாருங்க இருக்கா? உங்களால அங்க போவ முடியாது. நான் இன்னும் ஞானமுழுக்கு வாங்காதவதானே, அதான் நானே விட்டுட்டேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. காறித் துப்பியிருந்தாலும் வாங்கிக்கொண்டு போயிருப்பார். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், அம்சாவைக் கையில் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று ராத்திரி தேவசகாயம் தூங்கவில்லை. கூவச் சேவல் இல்லாததால் எப்போது விடியும் என்று தெரியாமல் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏதோ ஒரு நேரத்தில் அடித்தார். முதல் ஆளாக வந்தது குப்பம்மாள்தான். முழுக்கு வாங்காதவர்கள் உட்காருகிற கடைசி வரிசையில் மகளோடு உட்கார்ந்து, கண்ணை மூடி, அவர் ஜெபத்தை ஆரம்பிப்பதற்காகக் காத்திருந்தாள்.

தேவசகாயம் வாயைத் திறந்தார். இந்தத் தடவை ஜெபமும் வரவில்லை, அந்த முனீஸ்வரன் பெயர்கூட வரவில்லை.