தூத்துக்குடி கருவாடு டாட் காம்

சென்னை வாடிக்கைக்காரி போனில் சொன்னதை இசபெல்லா முதலில் நம்பவில்லை. "தூத்துக்குடி கருவாடு டாட் காம்னு போட்டுப் பார்த்தேன், உங்க கடை வரும்னு. இந்தப் பேர் விற்பனைக்குன்னு வருதே?"

புன்னைக்காயலில் அம்மா காயவைக்கும் நெத்திலியை இசபெல்லாதான் ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தாள். அதற்கு ஒரு வலைத்தளம் வேண்டும், அதற்கு இந்தப் பெயர்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டாள். சும்மா வந்த ஆசையில்லை. சித்தி மகன் ஜெஸ்டின் தூத்துக்குடியில் ஓர் அறை எடுத்து, இணையப் பெயர்களை வாங்கி விற்கிறான். ஒரு பெயரிலுள்ள வார்த்தைகளை மாதத்துக்கு எத்தனை பேர் கூகுளில் தேடுகிறார்கள், அவற்றுக்கு விளம்பரக்காரர்கள் எவ்வளவு அடித்துக்கொள்கிறார்கள் என்று துழாவிப் பார்த்து, இது இவ்வளவு போகும் என்று அவனுக்குச் சொல்வது இசபெல்லாவின் வேலை.

தொழில் தொடங்கிய அன்றே ஜெஸ்டின் ஒரு சட்டம் போட்டிருந்தான். மனசுக்குப் பிடித்த பெயருக்குத் தானே மதிப்புப் போடக் கூடாது; ஆசை கண்ணை மறைத்துவிடும், மற்றவர்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் ஏன் வேண்டும் என்று நாலு வரி எழுதி, இந்தப் பெயரை அவனிடமே பார்க்கச் சொன்னாள். மறுநாள் பதில் வந்தது: 'ஏளா, யாரும் தேடல. விட்ரு.' அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, தானும் ஒரு தடவை தேடிப் பார்க்காமல் விட்டுவிட்டாள் பைத்தியக்காரி.

இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தாள். விற்பனைக்கு என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே ஒரு வரி: 'உப்பளத்துக் காற்றும் கடல் வெயிலும் பட்டுக் காய்ந்த ருசி.' அவள் ஜெஸ்டினுக்கு எழுதி அனுப்பிய வரி. ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. வேறு யாராவது தட்டிப் பறித்திருந்தால் ரெண்டு நாள் புலம்பிவிட்டுப் போயிருப்பாள்.

"அண்ணே, அது எம் பேருண்ணே" என்றாள் போனில்.

"ஏளா, தொழில்னு வந்தா இப்படித்தான். நெறைய பேரு தேடுதாவ, விட மனசு வரல. நீன்னா கொறச்சுத் தாரேன்."

"அப்ப யாரும் தேடலன்னு சொன்னியே?"

"ஆளு வந்துருக்கு, பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டான்.

கொல்லையில் நெத்திலியைப் புரட்டிக்கொண்டிருந்த அம்மா கேட்டாள். "ஜெஸ்டினா? அவன்ட்ட சொன்னா அந்தப் பேர வாங்கித் தந்துருவாம்லா?"

"பாப்போம்மா" என்றாள்.

சாயங்காலம் ஜெஸ்டினிடமிருந்து செய்தி வந்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி. ஒரு பெயர், அதன் கீழே: 'இது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நாளைக்கு ஏலம். பாத்துச் சொல்லு.' இன்னமும் அவன் அந்தச் சட்டத்தை நம்புகிறான். அவளையும் நம்புகிறான். பழக்கத்தில் கை தானாகத் தேடிப் பார்த்தது. நல்ல பெயர். தேடுகிற கூட்டம் மாதாமாதம் ஏறிக்கொண்டே போகிறது.

'யாரும் தேடலண்ணே. விட்ரு' என்று தட்டினாள். அனுப்பவில்லை. விரல் பொத்தானின் மேலேயே நின்றது.

கொல்லையில், அம்மா கருவாட்டை அள்ளி முடிப்பதற்குள் காக்கை ஒன்று இறங்கி ஒரு நெத்திலியைக் கவ்விக்கொண்டு போனது.