மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறு

என் மாமியார் அல்போன்சம்மாளுக்கு எதையாவது பூட்டினால்தான் சோறு இறங்கும். அரிசி டின்னுக்குப் பூட்டு, அலமாரிக்குப் பூட்டு, படுக்கையறைக் கதவுகளுக்குப் பூட்டு. டெலிபோனைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. எண் சுழற்றும் ஓட்டையில் ஒரு சின்னப் பூட்டு தொங்கும். சாவிகளெல்லாம் ஒரே கொத்தாக அவர் இடுப்பில் கிடக்கும். அவர் நடந்தால் வீட்டில் ஜெயில் வார்டன் நடக்கிற மாதிரி இருக்கும்.

நான் அவருடைய மூத்த மகன் சூசைநாதனின் மனைவி, உர்சுலா. ஃபேரர் பார்க்கில் எங்கள் பிளாக்குக்கு எதிர் பிளாக்கின் கீழ்த்தளத்தில் டாக்டர் தனசேகரனின் கிளினிக் இருந்தது. அங்கே நான் நர்ஸ். சிங்கப்பூரில் மற்ற எல்லாரும் நர்ஸை மிஸ்ஸி என்பார்கள். என் மாமியார் மட்டும் அக்கம்பக்கத்தாரிடம் என்னை 'எங்க வீட்டு ஊசிக்காரி' என்பார். நானும் சும்மா இருக்கிறவள் இல்லை. ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிக் கொடுப்பேன். அப்படித்தான் எங்கள் காலம் ஓடியது.

1978இல் என் கொழுந்தன் அந்தோனிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவனுக்குக் கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை. பெண் பிடோக்கைச் சேர்ந்த மதலேனா, ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். கோயிலில் முறைப்படி ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். எங்கள் ஆட்களுக்குத் தெரியும், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஏதேனும் தடை அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று ஞாயிறு பூசையில் மூன்று வாரம் பங்குச் சாமியார் வாசிப்பார். மூன்றாம் ஓலையும் வாசித்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அந்த மூன்றாம் ஞாயிறு மதியம் பெண் வீட்டாருக்கு எங்கள் வீட்டில் விருந்து.

அந்தோனி பூசைக்கு வரவில்லை. தலைவலி என்றான். நாங்கள் திரும்பி வந்தபோது கழிவறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கூப்பிட்டால் பதிலில்லை. என் வீட்டுக்காரர் தோளால் முட்டித் திறந்தார்.

உள்ளே அந்தோனி சுவரோடு சாய்ந்து கிடந்தான். கையில் ஊசி செருகியபடியே இருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. இமையைத் தூக்கிப் பார்த்தேன். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. எப்போதோ ஒரு மூச்சு வந்தது, பிறகு நின்றது. ஹெராயின். ஊரெல்லாம் பையன்களை வாரிக்கொண்டிருந்த சனியன் எங்கள் வீட்டுக் கழிவறைக்குள்ளும் வந்துவிட்டது.

அவனைத் தரையில் கிடத்தி, மூக்கைப் பிடித்து, வாயில் வாய் வைத்து ஊதினேன். பின்னாலிருந்து முதுகில் ஓர் அடி விழுந்தது.

"அடியே! கொழுந்தன் வாயில வாய வைக்கிறியே, வெக்கமா இல்ல உனக்கு?"

"மாமி, அவன் மூச்சு விடல. போன் சாவியக் குடுங்க. ஆம்புலன்ஸ் கூப்பிடணும்."

"ஆம்புலன்ஸா? பின்னாலயே போலீஸ் வரும். இன்னிக்குத்தான் ஓலை வாசிச்சிருக்கு. பொண்ணு வீட்டுக்காரங்க பஸ் ஏறியிருப்பாங்க." இடுப்புச் சாவிக்கொத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "தண்ணி தெளி. எந்திரிச்சிருவான்."

பெற்ற பிள்ளை செத்துக்கொண்டிருக்கிறான், இந்த அம்மாளுக்கு பஸ்ஸில் வருகிற சம்பந்தி ஞாபகம். அந்த நேரத்தில் அவரை அறைந்திருப்பேன். கை ஒழிவில்லை.

"நீங்க ஊதுங்க," என்று என் வீட்டுக்காரரை இழுத்து உட்காரவைத்தேன். "மூக்கப் புடிங்க. நெஞ்சு எழும்புதான்னு பாருங்க. நான் வர்ற வரைக்கும் நிறுத்துனீங்க, உங்கள நான் சும்மா விடமாட்டேன்." அவருக்கு அம்மாவிடமும் பயம், என்னிடமும் பயம். அன்று என்னிடம் பயம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஊதினார்.

கிளினிக் சாவி என்னிடம்தான் இருக்கும். மாடிப்படியில் ஓடி இறங்கினேன்.

கிளினிக் கண்ணாடி அலமாரியில் நலாக்ஸோன் என்ற ஊசிமருந்து இருந்ததே நான் சண்டை போட்டதால்தான். முந்தைய வருஷம் எங்கள் கிளினிக் வாசலில் ஒரு வாலிபன் இதே மாதிரி நீலமாகக் கிடந்தான். ஆஸ்பத்திரியில் இதற்கு மாற்று மருந்து உண்டு, ஹெராயினை உடம்பில் வேலை செய்யவிடாமல் தடுத்து மூச்சைத் திருப்பிக் கொண்டுவரும். எங்களிடம் இல்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டான். நாமும் வாங்கி வைப்போம் என்று டாக்டரிடம் கேட்டேன்.

"வாங்கி வச்சா, தேக்கா ஏரியாவுல இருக்கிற போதைக்காரன் அத்தனை பேரும் நம்ம வாசல்ல வந்து விழுவான்," என்றார்.

"விழட்டும் டாக்டர். எழுப்பி விடுவோம்."

"எழுப்பினா உன்னத்தான் அடிப்பான். போதை ஒரேயடியா இறங்கிடும்ல?"

"அடி வாங்குறது எனக்குப் புதுசில்ல. என் மாமியாரப் பாத்ததில்லையா நீங்க?"

தினம் காலையில் அவர் காப்பியோடு இதையும் சேர்த்துக் கொடுத்தேன். கடைசியில் ஒரு சின்னப் பெட்டி வாங்கி என் மேசையில் வீசினார். "இந்தா, உன் எழுப்புற ஊசி. தேதி முடிஞ்சு குப்பைக்குத்தான் போகப்போகுது." போகவில்லை.

முதலில் கிளினிக் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அடுத்து டாக்டர் வீட்டுக்கு. விஷயத்தைச் சொன்னதும் திட்டாமல் பேசினார். "போடு. ஆனா எந்திரிச்சுட்டான்னு விட்டுடாத, உர்சுலா. நம்ம மருந்து ஒரு மணி நேரத்துல இறங்கிடும். அவன் ஏத்துனது அதுக்கப்புறமும் உள்ள இருக்கும். மறுபடி மூச்சு நிக்கும். ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்." பெட்டியிலிருந்த மருந்து ஆம்பியூல் இரண்டையும் சிரிஞ்சையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஒன்றை உடைத்துத் தொடையில் போட்டேன். போட்டுவிட்டு நானே ஊதினேன். மாமியார் என் தலைக்கு மேலே நின்று மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே என்னையும் வைதுகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தோனி நீளமாக ஒரு மூச்சை இழுத்தான். உதட்டில் நீலம் போய்ச் சிவப்பு திரும்பியது. கண்ணைத் திறந்தான். என் சேலையில் வாந்தி எடுத்தான். பிறகு நெஞ்சில் ஓர் உதை விட்டான்.

"யாரு உன்னக் கேட்டா? ஏன் எழுப்புன?" உடம்பெல்லாம் நடுங்க, மூக்கொழுகக் கத்தினான். "நல்லாத்தானே இருந்தேன்!"

"செத்துப் போயிருந்த. அதுக்குப் பேரு நல்லா இருக்கிறது இல்ல."

நான் கழிவறையில் வாந்தியைக் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. ஆம்புலன்ஸ் ஆட்கள். நான் ஈரக்கையோடு ஓடிவருவதற்குள் என் மாமியார் தனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் செலவழித்திருந்தார். "நோ சிக் லா. ராங் ஹவுஸ்." அந்தோனியும் அவர் தோளுக்குப் பின்னால் நின்று போகச் சொல்லிக் கையாட்டினான். நான் கத்தியபோது லிஃப்ட் கதவு சாத்தியாகிவிட்டது.

"திரும்ப நிக்கப்போகுது மாமி. அந்த மருந்து இறங்கிடும். டாக்டர் சொல்றாரு."

"ஊசி போட்ட, எந்திரிச்சிட்டான். இன்னும் என்னடி வேணும்? அவனப் புடிச்சு மறுவாழ்வு நிலையத்துல போடணும், கல்யாணம் நிக்கணும், அதானே?"

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவன் என்னைக் கண்டதும் செருப்பை எடுத்து எறிந்தான். மாமியார் அவனுக்கு வெளுத்த சட்டை மாட்டி, படுக்கவைத்து, ஃபேனைப் போட்டு, வெளியே வந்து கதவைப் பூட்டினார். சாவி இடுப்புக்குப் போனது. மறுபடி ஆம்புலன்ஸைக் கூப்பிடக் கிளினிக்குக்கு ஓடலாமா என்று வாசலுக்குப் போனேன். படியில் பெண் வீட்டார் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

மதலேனாவும் அவள் அப்பா சிலுவைராஜும் இன்னும் இரண்டு பெரியவர்களும் வந்திருந்தார்கள். மாமியார் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "மாப்பிள்ளைக்கு வயித்துக்கு ஒத்துக்கல. ஓட்டல் சாப்பாடு. கொஞ்சம் படுத்திருக்கான். நீங்க உக்காருங்க." நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் வந்தன. என்னையும் பரிமாற வைத்தார். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு காதைக் கதவில் வைத்திருந்தேன்.

முதலில் கட்டில் கிறீச்சிட்டது. அவன் புரண்டான், முனகினான். முனகுகிறவரைக்கும் சரி. பிறகு முனகல் நின்றது. அப்புறம் குறட்டை கேட்டது.

"பாத்தீங்களா, நல்லாத் தூங்குறான்," என்றார் மாமியார் பெருமையாக.

அது தூக்கக் குறட்டை இல்லை. தொண்டைக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி, ஒன்று வந்து, வெகுநேரம் விட்டு அடுத்தது வருகிற குறட்டை. கிளினிக் வாசலில் அந்த வாலிபன் விட்டதும் இதைத்தான்.

"சாவி," என்று கையை நீட்டினேன்.

"விருந்தாளிங்க முன்னால என்னடி இது? போய் ரசம் எடுத்துட்டு வா."

அப்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இந்தக் கல்யாணம் இருக்கிறவரைக்கும் அந்தக் கதவு திறக்காது. கரண்டியை மேசையில் போட்டேன்.

"சிலுவைராஜ் அங்கிள், இன்னிக்குக் கோயில்ல மூணாம் ஓலை வாசிச்சாங்க. தடை தெரிஞ்சவங்க சொல்லணும்னு கேட்டாங்க. எனக்குத் தெரியும். நான் சொல்றேன். உங்க மாப்பிள்ளை ஹெராயின் ஏத்துறான். காலையில மூச்சு நின்னு கெடந்தான், நான் ஊசி போட்டு எழுப்புனேன். அந்த மருந்து இப்ப இறங்கிடுச்சு. கேக்குதா அந்தச் சத்தம்? அது தூக்கம் இல்ல. அவன் சாகுறான். சாவி இவங்க இடுப்புல இருக்கு."

"பொய்!" மாமியார் அலறினார். "என் குடியக் கெடுக்கிறதுக்குன்னே வந்தவ! பொறாமை பிடிச்சவ!"

சிலுவைராஜின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. என் வீட்டுக்காரரும் அசையவில்லை. எழுந்தவள் மதலேனா. மேசையைச் சுற்றி வந்து, வருங்கால மாமியாரின் சேலையைப் பற்றி, கொத்தை ஒரே இழுப்பில் உருவினாள். கதவைத் திறந்ததும் அவளே முதலில் உள்ளே போனாள்.

அவன் சாம்பல் நிறத்தில் கிடந்தான். நான் இரண்டாவது ஆம்பியூலை உடைத்தேன். "தலையப் பின்னால சாய்," என்றேன். சாய்த்துப் பிடித்தாள். நான் ஊதினேன். டெலிபோன் பூட்டை யாரோ திறந்தார்கள். அவன் மூச்சு திரும்பியபோது மதலேனா அவன் கையிலிருந்த ஊசித் தழும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் வந்ததும் அவள் அப்பா தோளைத் தொட்டார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு படியிறங்கிப் போனாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவனை இரவெல்லாம் கண்காணித்தார்கள். பிறகு அவர்களே சட்டப்படி அதிகாரிகளுக்குத் தகவல் சொல்ல, அவனை மறுவாழ்வு நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். கோயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அடுத்த பெஞ்சுக்கு மாறினார்கள். கொழுந்தனைக் காட்டிக்கொடுத்தவள் என்று பேர் வந்தது. வந்தால் வரட்டும். எனக்கு அதில் ஒரு துளி வருத்தமும் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்தினார். ஒரே அடுப்பங்கரையில் நின்றுகொண்டு, "சூச, உப்பு எங்கன்னு அவகிட்டக் கேளு" என்பார். என் வீட்டுக்காரர் நடுவில் நின்று தபால்காரர் வேலை பார்த்தார். மறுவருஷம் வரை இப்படியே போனது.

அந்தோனி வெளியே வருவதற்கு முந்தைய நாள், கிளினிக்கில் கூட்டத்தோடு கூட்டமாக என் மாமியார் உட்கார்ந்திருந்தார். நம்பர் எடுத்திருந்தார். முறை வந்ததும் கவுண்டருக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், பின்னாலிருந்த காலண்டரைப் பார்த்துப் பேசினார்.

"மிஸ்ஸி. அந்த எழுப்புற ஊசி இருக்கா?"

முதல் தடவையாக என்னை மிஸ்ஸி என்கிறார். "யாருக்கு?" என்றேன். தெரிந்தும் கேட்டேன். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

"என் மகன் நாளைக்கு வர்றான். பக்கத்து பிளாக் பையன் ஒருத்தன் வெளிய வந்த அன்னிக்கே பழைய அளவு ஏத்திப் போயிட்டானாம். உடம்பு தாங்கலையாம்." குரல் உடைந்தது. உடனே அதையும் இழுத்துப் பூட்டிக்கொண்டார். "இருக்கா, இல்லையா?"

"இருக்கு. நாளையிலருந்து என் பையிலயே இருக்கும். டாக்டர்ட்ட கேட்டு வாங்கிட்டேன். ஆனா ஊசி இருந்து என்ன செய்ய? கதவு பூட்டியிருக்கும்."

பின்னால் இருந்தவர்கள் தொண்டையைச் செருமினார்கள். என் மாமியார் இடுப்பில் கை விட்டு, கொத்தை முழுசாக எடுத்து, கவுண்டரில் வைத்தார். அரிசி டின், அலமாரி, டெலிபோன், படுக்கையறை, எல்லாச் சாவியும் அதில் இருந்தன.

"இதுக்காக உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத," என்றார்.

"நானும் உங்கள மன்னிக்கல மாமி," என்று சொல்லிவிட்டு, கொத்தை எடுத்து, பையில் ஆம்பியூல்களுக்குப் பக்கத்தில் போட்டேன்.