மாகேமாகேவின் நிலா

மாரிசெல்வி வாயைத் திறந்தால் வகுப்பே சிரிக்கும். சிரிக்கும்படி அவள் ஒன்றும் சொல்லிவிடவில்லை. தெற்கே பணகுடிப் பக்கத்துப் பிள்ளை, பிறந்ததிலிருந்து எப்படிப் பேசினாளோ அப்படித்தான் பேசினாள். அப்பா ஆறுமுகநயினாருக்கு வல்லம் வடகாலில் கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை நிரந்தரமானதும், குடும்பம் மூட்டை முடிச்சோடு கிளம்பி வந்து சேரப்பணஞ்சேரியில் வாடகை வீடு பிடித்தது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள், பெஞ்சில் இடம் அடைத்து உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "மக்கா, கொஞ்சம் தள்ளி இரியேன்" என்றாள். அன்று பிடித்தது வினை.

அந்த வினையின் பெயர் மோகன். யார் எப்படிப் பேசினாலும் அடுத்த நிமிடம் அச்சு அசலாக அப்படியே பேசிக்காட்டுகிற வரம் வாங்கி வந்தவன். தலைமையாசிரியரின் இருமலைக் கூட விட்டு வைக்காதவன் மாரிசெல்வியை விடுவானா? தண்ணீர்க் குழாயடியில் ஒரு 'மக்கா', சத்துணவு வரிசையில் ஒரு 'மக்கா', பரீட்சை ஹாலில் பேப்பர் கொடுக்கும்போது கூட ரகசியமாக ஒரு 'மக்கா'. அவன் கெட்ட பையன் இல்லை. ஆனால் கெட்ட பையன்கள் செய்கிற வேலையை நல்ல பையன்கள் சிரித்துக்கொண்டே செய்துவிடுகிறார்கள், அதுதான் எரிச்சல். மாரிசெல்வி மெல்ல மெல்லப் பேச்சை நிறுத்தினாள். டீச்சர் கேட்டால் ஆமாம், இல்லை, தெரியாது. ஒன்பதாம் வகுப்புக்கு வருவதற்குள் வாயில் கொழுக்கட்டையை வைத்த மாதிரி ஆகிவிட்டாள்.

அவள் பேச்சுக்குச் சிரிக்காத ஒரே ஆள், முதல் நாள் தள்ளி உட்காரச் சொல்லப்பட்ட அந்தப் பெண்தான். பெயர் கலைமதி, உள்ளூர்க்காரி. கலைமதிக்கு யார் எப்படிப் பேசுகிறார்கள் என்பதெல்லாம் காதிலேயே விழாது. அவளுக்குத் தலைக்குள் எப்போதும் கோளும் நிலாவும்தான் சுற்றிக்கொண்டிருக்கும். துணைக்கு ஓர் ஆள் கிடைக்காதா என்று இருந்தவள், மாரிசெல்வியையும் அந்தப் பைத்தியத்தில் இழுத்துவிட்டாள்.

பள்ளி விட்டதும் இருவரும் மெயின் ரோட்டு நிறுத்தத்தில் நிற்பார்கள். ஷிப்ட் மாறுகிற நேரம், கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். ஒரு பஸ் கடந்ததும் கேள்வி. அடுத்த பஸ் வருவதற்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றவளின் பையையும் தூக்க வேண்டும்.

"நெப்டியூன் நிலாலயே அதான் பெர்சு, ஆனா ஆப்போசிட்ல சுத்துது. இன்னா அது?"

"ட்ரைட்டன். நீ சொல்லு, புளூட்டோவுக்கு எத்தன நிலா?"

"அஞ்சு. பெர்சு கேரன்."

"ஏட்டி, பஸ் வருது, மிச்சத்தயும் சொல்லு!"

"நிக்ஸு, ஹைட்ரா, கெர்பெரோஸு... இரு, இரு, அந்த டிரைவரு இன்னாத்துக்கு இவ்ளோ ஸ்பீடா வர்றான்? ஸ்டிக்ஸு!"

அந்த நிறுத்தத்தில் மட்டும் மாரிசெல்வியின் வாய் மதகு திறந்த மாதிரி ஓடும். பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்கள் இந்தப் பெண்கள் ஏதோ புது மாத்திரைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் வாலாஜாபாத்தில் பள்ளிகளுக்கு இடையே வினாடி வினா என்று அறிவிப்பு வந்தது. துணைக்கோள்களும் குறுங்கோள்களும்தான் தலைப்பு. பள்ளிக்கு இரண்டு பேர். ஓர் இடம் கலைமதிக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இன்னோர் இடத்துக்கு எழுத்துத் தேர்வில் மோகனும் மாரிசெல்வியும் சமமாக வந்து நின்றார்கள். ஆமாம், மோகனுக்கும் மூளை இருந்தது, அதைத்தான் அவன் வேறு காரியத்துக்குச் செலவழித்துக்கொண்டிருந்தான்.

மாரிசெல்விக்கு அந்த இடம் வேண்டும். எப்படியாவது வேண்டும். கோப்பைக்காக இல்லை. இந்த ஊரில் தனக்கு ஓர் இடம் இருக்கிறது என்று ஒரு தடவையாவது நாலு பேர் முன்னால் தெரிய வேண்டும் என்று அவள் மனம் கிடந்து தவித்தது.

அறிவியல் டீச்சர் சுந்தராம்பாள் ஒரு வழி சொன்னார். "நான் கேக்கல. நீங்களே ஒருத்தர ஒருத்தர் கேளுங்க. யார் தப்பு விடுறீங்களோ அவங்க அவுட்டு."

வகுப்பு முன்னால் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். மாரிசெல்வி தன் பேச்சு வெளியே வராதபடி, கேள்விகளைப் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே மனப்பாடம் செய்து வந்திருந்தாள். "தடித்த வளிமண்டலம் உடைய துணைக்கோள் எது?" என்றாள். டைட்டன் என்றான் அவன். அவன் கேட்டதற்கெல்லாம் அவளும் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள். கடைசியில், "ஹவுமேயாவின் இரு துணைக்கோள்கள் எவை?" என்று அவள் கேட்டதும் மோகன் மாட்டிக்கொண்டான். நமாக்கா வந்தது, ஹியாக்கா வரவில்லை. மேலே பார்த்தான், கீழே பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"சரி, உன் கேள்விய கேளு. அதுக்கு அவ பதில் சொல்லிட்டா முடிஞ்சுது" என்றார் டீச்சர்.

மோகன் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான். "ஈஸ்டர் தீவு ஜனங்களோட படைப்புக் கடவுள் பேர வெச்ச குறுங்கோள் எது?"

மாரிசெல்விக்குத் தெரியும். நேற்றுக் கூட நிறுத்தத்தில் சொன்னாள். ஆனால் அந்த நேரம் பார்த்துத் தலைக்குள் யாரோ துடைத்துவிட்ட மாதிரி ஒன்றுமே இல்லை. திருதிருவென்று விழித்தவள், முதல் பெஞ்சில் இருந்த கலைமதியைப் பார்த்ததும், இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், பரிதாபமாகக் கூப்பிட்டாள்.

"மக்கா... மக்கா..."

"மாகேமாகே! சரியான விடை!" என்று டீச்சர் மேஜையைத் தட்டினார். "உச்சரிப்புதான் கொஞ்சம் பிசகுது, போகப் போகச் சரியாயிடும்."

வகுப்பு கை தட்டியது. மாரிசெல்விக்கு என்ன நடந்தது என்று புரிவதற்குள் அவள் பெயர் தலைமையாசிரியர் அறைக்குப் போய்விட்டது.

நிறுத்தத்துக்கு வந்ததும் கலைமதி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏய், நீ என்னியத்தான கூப்ட்ட?"

"ஆமாட்டி. அந்தப் பேரு சுத்தமா மறந்து போச்சி. ஒன்னத்தான் கூப்பிட்டேன். இப்ப என்ன செய்ய?"

"இன்னாத்த செய்றது? கம்முனு இரு. அந்த மோகன் கூட நான் போனா வாலாஜாபாத் வரிக்கும் கலாய்ச்சிக்கினே வருவான். நீதான் வரணும்."

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அம்மா மாடத்தி விஷயத்தைக் கேட்டதும் கேசரி கிண்டி, எதிர் வீடு வரைக்கும் கொடுத்துவிட்டாள். ஆறுமுகநயினார் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரில் தொடங்கி டிரைவர் வரைக்கும் சொல்லியாயிற்று. "எம்மவ பேசியே ஜெயிச்சிட்டாள்லா" என்று அவர் சொல்லச் சொல்ல, மாரிசெல்விக்குக் கேசரி தொண்டையிலேயே நின்றது. பேசியா ஜெயித்தாள்? பேசத் தெரியாமல் அல்லவா ஜெயித்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் மோகன் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தான். மாரிசெல்வி நேரே அவனிடம் போனாள். அவனிடம் அவளாகப் பேசுவது அதுதான் முதல் தடவை.

"நேத்து நான் பதில் சொல்லல. கலையக் கூப்பிட்டேன்."

"தெரியும்" என்றான் மோகன்.

அவள் அசந்து போனாள்.

"நீ எப்டி கூப்புடுவ, எப்டி இஸ்த்து இஸ்த்துப் பேசுவ, எல்லாம் எனுக்கு அத்துப்படி. ஒரு வருசமா அத்தத்தான பேசிக்காட்டிக்கினு கீறேன்? அது ஆளக் கூப்புட்ற மக்கான்னு எனுக்குத் தெரியாதா?"

"பொறவு ஏன் டீச்சர்ட்ட சொல்லல?"

மோகன் சைக்கிள் பூட்டைத் திறந்தான், மறுபடி பூட்டினான். "இன்னான்னு சொல்றது? இந்தப் பொண்ணு இப்டித்தான் கூப்புடும் டீச்சர், நான்தான் கலாய்ச்சி கலாய்ச்சி அதும் வாய அடைச்சிட்டேன்னு சொல்லட்டா? வுடு. நானே பாவம் பாத்துத்தான் கம்முனு கீறேன். சீட்டு உனுக்கே."

உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்து வந்தவளுக்கு, இறங்குவதற்குப் பதில் சுர்ரென்று ஏறியது. பாவமா? ஒரு வருடம் வாயை அடைத்துவிட்டு, அதற்குக் கூலியாக ஒரு சீட்டா? கோபத்தில் காது மடல் சூடாகிவிட்டது. வந்த வேகத்தில் திரும்பி வகுப்புக்குப் போனாள்.

சுந்தராம்பாள் டீச்சர் வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தார். தன் பெயர் வந்ததும் மாரிசெல்வி எழுந்தாள். 'உள்ளேன்' என்று சொல்லவில்லை.

"டீச்சர், நேத்து நான் மாகேமாகேன்னு சொல்லல. பதில் தெரியாம கலையத்தான் மக்கான்னு கூப்பிட்டேன்."

கூரை பறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு எழுந்தது. டீச்சரே மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கலைமதி தலையில் அடித்துக்கொண்டாள். மாரிசெல்விக்கு முகம் சிவந்தது, ஆனால் உட்காரவில்லை.

"சரி, சரி" என்று டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கேள்வி செல்லாது. மோகன், வேற கேளு."

மோகன் எழுந்தான். "பூமிக்கு எத்தன நிலா?"

ஓ என்று கத்தியது வகுப்பு. மாரிசெல்வி அவன் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"எனக்கு என்ன பிச்சையா போடுத? கேக்கணும்னா ஒழுங்காக் கேளுல!"

அந்த 'ல' போய் விழுந்த வேகத்தில் வகுப்பு வாயடைத்தது. மோகனுக்கும் சுருக்கென்றிருக்க வேண்டும். அவன் நிமிர்ந்து நின்றான். இந்த முறை விளையாட்டு இல்லை.

"மாகேமாகேக்கு ஒரு நிலா கீது. அதும் பேரு இன்னா?"

"அதுக்கு இன்னும் பேரு வைக்கல."

"தப்பு டீச்சர்! எம்கே டூ!"

"அது பேரில்ல, அடையாளத்துக்குப் போட்ட நம்பரு."

"அத்த வெச்சித்தான எல்லாரும் கூப்புட்றாங்கோ? அப்ப அதான் பேரு."

"எங்கப்பாவுக்கும் கம்பெனில நம்பர் போட்டு அட்ட குடுத்துருக்காவ. அதுக்காவ எங்கம்மா அந்த நம்பரச் சொல்லியா சாப்பிடக் கூப்பிடுதா?"

கடைசி பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். மாரிசெல்வி அந்தப் பக்கமும் திரும்பினாள். "சிரிக்காதிய. லைன்ல ஓடுத ஒவ்வொரு பார்ட்டுக்கும் நம்பர் உண்டும். நம்பரு தேடி எடுக்கதுக்கு. பேருன்னா அது வேற. வானத்துல உள்ளதுக்குப் பேரு வைக்கணும்னா அதுக்குன்னு ஒரு சங்கம் இருக்கு, அவிய கூடி ஒத்துக்கிடணும். மாகேமாகேக்கும் மொதல்ல நம்பர்தான் இருந்துச்சு, பொறவுதான் பேரு வச்சாவ. இதுக்கு இன்னும் வைக்கல, அவ்வளவுதான். இல்லாதத இருக்குன்னு எப்டிச் சொல்லுவ?"

மோகன் வாயைத் திறந்தான். ஒரு வருடத்தில் முதல் முறையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. டீச்சரைப் பார்த்தான்.

"அவ சொல்றதுதான் சரி. அது தற்காலிகமா வெச்ச அடையாளம்" என்றார் டீச்சர். "நீ உக்காரு மோகன். மாரிசெல்வி, சீட்டு உனக்குத்தான். நீயும் உக்காரு."

மாரிசெல்வி உட்காரவில்லை. "இல்ல டீச்சர், இன்னொண்ணும் சொல்லணும். இந்த ஹவுமேயா இருக்குல்லா, அது உருண்டையா இல்ல, முட்ட மாதிரி நீண்டு கெடக்கு. ஏன் தெரியுமா? அது சுத்துத வேகம் அப்படி..."

பின்பெஞ்சுக்காரர்கள் கூடச் சிரிக்கவில்லை. மோகன் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே போனாள். சுந்தராம்பாள் டீச்சர் பாதியில் நின்ற வருகைப் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.