நாற்பது விநாடி

கண்டெடுக்கப்பட்டவர்களின் பட்டியலில் ஒரு பெயரைத் தேட நாற்பது விநாடி ஆகும். திரையில் ஒரு வட்டம் சுற்றும், சுற்றும், பார்ப்பவருக்குத் தலை சுற்றும்வரை சுற்றும். பிறகு ‘யாரும் இல்லை’ என்று வரும். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று யாருக்கும் எரிச்சல் வரும்.

வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போய்ப் பதினொரு மாதம் ஆகிறது. அன்று பாலத்தில் போனவர்களில் இந்தத் தேடலைக் கவனித்துக்கொள்ளும் புரோகிராமரின் அண்ணனும் ஒருவன். மருத்துவமனை, முகாம், பிணவறை என்று எங்கெங்கோ பதிவான பெயர்கள், மொத்தம் நாலு லட்சம் வரி. அந்தப் பட்டியலைப் பராமரிக்கும் அலுவலகத்தில்தான் தம்பிக்கு வேலை. விதிக்கும் கிண்டல் செய்யத் தெரியும்.

புதன்கிழமைதோறும் அண்ணி வருவாள். அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றை விரலால் கணவன் பெயரைத் தட்டுவாள். வட்டம் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்வாள். “சரி, அடுத்த வாரம் பாக்கலாம்” என்று எழுந்து போவாள்.

அவனுக்குத்தான் மனசு ஆறவில்லை. ஒருநாள் தேடலைப் பிரித்துப் பார்த்தான். தூக்கிவாரிப் போட்டது. நாற்பது விநாடியில் எத்தனை வரி திரைக்கு வந்து சேர்கிறதோ, அதை மட்டும் சலித்துவிட்டுக் கையை விரித்துக்கொண்டிருந்தது அந்தத் தேடல். மீதியை அது சீண்டியதே இல்லை.

“அண்ணி, இத்தனை நாள் இல்லைன்னு சொன்னது பொய்! பாதிதான் பாத்திருக்கு” என்று போனில் கத்தினான்.

“அப்போ மீதிப் பாதியில இருக்காருன்னு சொல்றியா தம்பி?”

“இருக்கலாம் அண்ணி.”

அந்த வார்த்தையை அவன் சொல்லியிருக்கக் கூடாது.

மூன்று வாரம் பேய் மாதிரி உழைத்தான். தேடும் வேலையைத் திரையிலிருந்து சர்வருக்கு மாற்றினான். பெயர்களுக்கென்று அகரவரிசையில் தனி அட்டவணை போட்டான். அண்ணன் பெயரில் ஒரு ழ உண்டு. முகாம்களில் எழுதியவர்கள் களைப்பில் ல, ள, ழ எதை வேண்டுமானாலும் எதற்கும் போட்டிருந்தார்கள். மூன்றும் ஒன்றுதான் என்று தேடலுக்குச் சொல்லிக்கொடுத்தான். இனி ஒவ்வொரு எழுத்துக்கும் பட்டியல் அப்போதே சுருங்கும்.

“கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள வருதேப்பா!” என்று மேனேஜர் முதுகில் தட்டினார். யார் யார் பெயரையோ போட்டுப் பார்த்தவன், அண்ணன் பெயரை மட்டும் போடவில்லை. அண்ணி வரட்டும் என்று தனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டான். தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமை அண்ணி தட்டினாள். முதல் எழுத்துக்குப் பதினெட்டாயிரம் பேர். இரண்டாவதற்கு அறுநூறு. மூன்றாவதற்கு நாற்பத்தொன்று. நான்காவதற்கு மூன்றே பேர். ஐந்தாவது எழுத்திலிருந்து விரலை எடுப்பதற்குள் வந்துவிட்டது: யாரும் இல்லை.

“முழுசும் பாத்துதா?”

“முழுசும் அண்ணி.”

“எழுத்து மாறிப் போட்டிருந்தா?”

“அதையும் சேத்துதான் பாத்துது.”

பழி போட இனி எதுவும் மிச்சமில்லை. இருந்த பிழைகளையெல்லாம் அவனே தேடித் தேடித் திருத்தியிருந்தான்.

அண்ணி அழவில்லை. கடைசி எழுத்தை அழித்தாள். முன்பின் தெரியாத அந்த மூன்று பேரும் திரும்பி வந்தார்கள். அவர்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“முன்னல்லாம் கொஞ்ச நேரம் சுத்தும் தம்பி. அது சுத்துறவரைக்கும் அவர் இருந்தாரு.”

அடுத்த புதன்கிழமை அவள் வரவில்லை.