கேபிள் குழிக்கு இரண்டு பந்தி

என் கணவரை நிம்மதியாகத் திட்டி நாலு வருடம் ஆகியிருந்தது. அதற்காகத்தான் நான் தானதர்மத்தில் இறங்கினேன். ஊரில் சிலர் இப்போதும் என்னைப் புண்ணியவதி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், நான் மறுப்பதில்லை.

அவர் பெயர் ரபேல். பஹ்ரைனில் மீன்பிடி போட்டில் வேலை. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, சரியாகச் சாயங்காலம் நாலு மணிக்குப் போன் செய்வார். எங்கள் வீட்டுக்கு இல்லை. குளத்தூருக்குப் போகிற எங்கள் ரோட்டில் தொண்ணூற்றாறாம் வருடம் வரை ஒரே ஒரு போன்தான் இருந்தது. அது நாலு வீடு தள்ளி, ஆனந்தபாய் அக்கா வீட்டு ஹாலில், பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நான் மூன்றே முக்காலுக்கே போய் நிற்பேன். அக்கா எதிரே நாற்காலியைப் போட்டுப் பயறு உரிப்பாள். அவள் கணவர் கனகதாஸ் அண்ணன் பேப்பரை விரித்துப் பிடித்திருப்பார். மணி நாலு அடித்த பிறகு அவர் ஒரு பக்கம்கூடத் திருப்பி நான் பார்த்ததில்லை. போன் வந்ததும் நான் தேன் ஒழுகப் பேசுவேன். சுகம்தானே, சாப்பிட்டீங்களா, இங்கே எல்லாருக்கும் சுகம். ஒருதடவை மட்டும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திப் பார்த்தேன்.

"மக்கா, இன்னும் கொஞ்சம் சத்தமா பறயணும். கேக்கல்ல" என்றாள் அக்கா.

"அவருக்குக் கேக்குது அக்கா."

"எனக்குக் கேக்கல்லியே!"

எனக்கு அடுத்த மாதம் என்ன சேலை வரப்போகிறது என்பதை மறுநாள் மீன் சந்தையில் எனக்கே சொல்வார்கள்.

மனதுக்குள் எவ்வளவு சேர்த்து வைத்திருந்தேன் தெரியுமா! என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அந்த போட் வேலைக்கே இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். மூன்று தடவையும் அதே கிளிப்பச்சைச் சேலையை அனுப்பினார். என் சமையலைப் பற்றி அவர் அம்மா எழுதிய கடிதத்தை எழுத்து விடாமல் நம்பினார். இதெல்லாம்கூடப் போகட்டும். எங்கள் மகள் லிஷாவுக்கு ஐந்து வயது. அப்பா எங்கே என்று யாராவது கேட்டால் ஆனந்தபாய் வீட்டைக் கை காட்டுவாள். ஒருத்தி எதிரே உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருக்கும்போது இதையெல்லாம் எப்படிப் பேசுவது?

போனுக்கு மனு கொடுத்து ஆறு வருடம் கழித்து எங்களுக்கும் நம்பர் கிடைத்தது. போனைக்கூடக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டார்கள். கேபிள்தான் வர வேண்டும். அதற்கான குழி உதியன்குளங்கரையிலிருந்து மெல்ல வந்துகொண்டிருந்தது. தோண்டியவர்கள் சேலத்துப் பக்கத்து ஆட்கள், ஆணும் பெண்ணுமாகப் பதினெட்டுப் பேர். கூடவே ஏழெட்டுப் பிள்ளைகள். குழி ஆனந்தபாய் அக்காவின் வாசலைத் தாண்டியதுதான் தாமதம், ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது.

ஐந்து நாள் விடாத மழை. குழிக்குள் தண்ணீர் நின்றது. தென்னந்தோப்பில் அவர்கள் கட்டியிருந்த தார்ப்பாய் நாலு பக்கமும் ஒழுகியது. அடுப்புப் பற்றவில்லை, மாற்றிக் கட்டத் துணி இல்லை. "அதுக ஊருக்குப் போறதாட்டு பேசுதுக" என்று டீக்கடைச் செல்லையன் சொன்னார். குழிக்கும் என் வாசலுக்கும் நடுவே இருநூறு அடிதான் பாக்கி. இந்த நேரம் பார்த்து இவர்கள் ஊருக்குப் போய்விட்டால் நான் கிழவியாகும் வரைக்கும் ஆனந்தபாய் ஹாலில்தான் குடும்பம் நடத்த வேண்டும்.

ஒரு அண்டா மரச்சீனிக் கிழங்கு அவித்தேன். சாளை மீனில் மிளகாய் அரைத்துவிட்டுக் குழம்பு வைத்தேன். லிஷாவின் தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்து, அவளையும் இழுத்துக்கொண்டு தோப்புக்குப் போனேன். அந்தப் பிள்ளைகள் தின்ற வேகத்தைப் பார்த்து, லிஷாவுக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததையும் அவர்களுக்கே வழித்துப் போட்டேன். ஆனாலும் ஒரு கண் குழி மேலேயே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மறுநாள் ரபேலின் பழைய சட்டைகளையும் அந்த மூன்று கிளிப்பச்சைச் சேலைகளையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சேலைகளைக் கொடுத்தபோது வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட எனக்கு வந்ததில்லை.

சும்மா இருப்பாளா ஆனந்தபாய் அக்கா? அவள் எங்களைப் போல் கத்தோலிக்கர் இல்லை, வேறு சபை; அந்தச் சபைப் பெண்கள் சங்கத்தின் செயலாளர். "கடப்புறத்துக்காரி ஒருத்தி இவ்வளவு செய்யும்போ, நம்ம சபை வாயப் பொளந்து பாத்துட்டு நிக்கவா?" என்று என் கடற்கரைப் பிறப்பைக் குத்திக் கேட்டாளாம். அந்தச் சபை வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசியை எடுத்து வைப்பது வழக்கம். அந்தப் பிடியரிசி முழுவதும் தோப்புக்கு வந்தது. பருப்பு, பப்படம், பாயசத்தோடு மதியப் பந்தி. விடுவோமா நாங்கள்? ரோட்டோரச் சிலுவைக் கோயிலில் கூடும் எங்கள் குருசடிப் பெண்கள் ஒன்றுசேர்ந்து ராச்சோறு எங்கள் பொறுப்பு என்றார்கள். மீன் இல்லாமல் ஒரு நாளும் போடக்கூடாது என்று முடிவாயிற்று.

துணியிலும் போட்டி. கிழிந்தது எதையும் கொடுக்கக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவர்கள் சபையில் எந்த வீட்டில் பார்த்தாலும் கிழியாத துணி ஒன்று நிச்சயம் உண்டு. அது மாப்பிள்ளையின் கல்யாணக் கோட்டு. ஒரே ஒரு நாள் போட்டது. அப்புறம் வயிறு இடம் கொடுக்காமல், பாச்சை உருண்டை போட்டுப் பெட்டியில் பூட்டியது. பதினோரு கோட்டு வந்து சேர்ந்தது. கனகதாஸ் அண்ணனின் கோட்டுதான் முதலில் வந்தது, அவரைக் கேட்காமலே.

மழை விட்டு வெயில் அடித்தது. அந்த வெயிலில் பதினோரு பேர் கோட்டுப் போட்டுப் பொத்தானும் மாட்டிக்கொண்டு மண்வெட்டியோடு குழிக்குள் நின்றார்கள். பாறசாலை பஸ் எங்கள் ரோட்டில் தானாகவே வேகத்தைக் குறைத்தது. ஜீப்பில் வந்த எஞ்சினியர், கோட்டுப் போட்ட மேஸ்திரியைப் பார்த்துச் சட்டென்று இறங்கி, "குட் மார்னிங் சார்" என்றார்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. குழி மட்டும் நகரவில்லை. காலையில் எங்கள் புட்டு, மதியம் அவர்கள் பாயசம். பாயசம் இறங்கினால் நாலு மணி வரை தோப்பில் குறட்டை. எழுந்து நாலு வெட்டு வெட்டுவதற்குள் எங்கள் மீன்குழம்பு வந்துவிடும். எட்டு நாளில் பத்தடி தோண்டியிருந்தார்கள். நான் கம்பு நட்டு அளந்தேன்.

ஒன்பதாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. பாப்பாத்தி என்று ஒருத்தி, என் வயதுதான், என் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு குழிக்கரையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எட்டி, இப்படித் தின்னுட்டுக் கெடந்தா குழி எப்பம் எனக்க வீட்டுக்கு வரும்? எனக்குப் போன் வேணும்! அதுக்காக்கும் நான் சோறு போட்டது!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. காது இரண்டும் சூடாகிவிட்டன. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏனுங்கக்கா, இப்புடி ரெண்டு பக்கமும் ஊட்டி உடுற ஊர்ல வெரசாத் தோண்டிட்டுப் போறதுக்கு எங்களுக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? புள்ளைங்க மூஞ்சில இப்பத்தான் சதை வெச்சிருக்குது. இன்னும் பத்து நாள் இழுக்கலாம்னு மேஸ்திரியே சொல்லிட்டாரு."

எனக்குக் கோபம் வர வேண்டும். வந்தது சிரிப்பு. அவள் பக்கத்திலேயே, அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். எதற்குப் போன் என்று கேட்டாள். சொன்னேன். முழுவதும் சொன்னேன், பயறு முதற்கொண்டு. அவள் சிரிப்பு நின்றது.

"எங்கூட்டுக்காரரு காசர்கோட்டுல குழி வெட்டறாரு. பேசி ஆறு மாசமாச்சுங்க. அங்க ஒரு டீக்கடையில போன் இருக்குது. உங்க போன்ல ஒருக்கா பேசிக்கட்டுங்களா? நாளைக்கே உங்கூட்டு வாசலுக்குக் குழி வந்துரும்."

"ஒண்ணு என்ன, ஒம்பது பேசு" என்றேன். வாய்தானே, செலவா என்ன?

ராத்திரி முழுக்க மண்வெட்டிச் சத்தம்; மறுநாள் காலை பத்தரைக்குக் குழி என் வாசலில் நின்றது. அவர்கள் பின்னாலேயே கேபிள் வந்தது, இணைப்பவர்கள் வந்தார்கள். மண் மூடும் வேலை முடியும்வரை தோப்பில் பந்தி தொடர்ந்தது. சோற்றை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அதற்கு மட்டும் காரணம் எதுவும் இல்லை.

முதல் வெள்ளி வந்தது. புது நம்பரை ரபேலுக்கு எழுதியிருந்தேன். கிடைக்காவிட்டால் பழைய நம்பர் என்றும் எழுதியிருந்தேன். மூன்றே முக்காலுக்கு லைன்மேன் போனைத் தட்டிப் பார்த்து, "உயிர் வந்தாச்சு" என்றார். அதே நேரத்தில் ரோட்டில் லாரி ஹாரன் அடித்தது. தோண்டியவர்களை அடுத்த வேலைக்கு ஏற்றிப்போக வந்த லாரி. கோட்டுப் போட்டவர்கள் எல்லாரும் என் முற்றத்தில் விடைபெற நின்றார்கள். பாப்பாத்தி ஒரு காகிதத்தில் நம்பரை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

இப்போது இல்லாவிட்டால் அவளுக்கு எப்போதும் இல்லை. கொடுத்த வாக்கை நான் மனதுக்குள் நன்றாகச் சபித்தேன். நானே நம்பரைச் சுற்றினேன். காசர்கோட்டு டீக்கடைக்காரர் எடுத்து, ஆளைக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன், வைக்காதீர்கள் என்றார். மணி மூன்று ஐம்பத்தைந்து. அவன் லைனுக்கு வந்தான், போனைப் பாப்பாத்தி கையில் கொடுத்தேன்.

"நல்லாயிருக்கறனுங்க. சாப்பிட்டீங்களா? இங்க எல்லாரும் நல்லாப் பாத்துக்கறாங்க."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். நாலு வருடமாக நான் பேசிய குரல் அது. திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் கம்பிக்கு நடுவே ஆனந்தபாய் அக்காவின் முகம். வாசலில் குருசடிப் பெண்கள். எல்லாருக்கும் முன்னால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு நின்றது நான்தான். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. போதும் வை என்று சொல்ல வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, லிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாரும் வெளியே! எக்கோ, அந்த ஜன்னல விடுங்க! அவ பறயட்டும்!"

கதவைச் சாத்தினேன். அக்காவைக் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்தேன். உள்ளே கூரை ஓடு அதிர்ந்தது.

"ஏய்யா கூறுகெட்ட மனுசா! ஆறு மாசமா நான் இருக்கறனா செத்தனான்னு கேக்க உனக்கு நாதியில்லியா!"

முற்றமே வெடித்துச் சிரித்தது. கோட்டுக்காரர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். லாரி டிரைவர் ஹாரனை விட்டுவிட்டுக் காதைத் தீட்டினான். நானும் சிரித்தேன். எங்கள் கோயில் மணி நாலு அடித்தபோது மட்டும் என் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. பஹ்ரைனில் ஒருவர் நம்பரைச் சுற்றிக்கொண்டிருப்பார், என் போன் பாப்பாத்தி கையில் இருந்தது. பழைய நம்பரையும் எழுதியது அப்போது நினைவுக்கே வரவில்லை; இன்னும் ஒரு மாதம் என்றுதான் நினைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது ரோட்டில் கனகதாஸ் அண்ணன் என்னைக் கூப்பிடும் குரல் கேட்டது.

"லில்லிக்குட்டியே! ரபேல் விளிக்குது! இஞ்ச, நம்ம வீட்டுல!"

நான் ஆனந்தபாய் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடினோம்.

"நில்லு மக்கா, நானும் வாறேன்!" என்று பின்னால் கத்தினாள். யார் நின்றது? சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, புதிதாக மூடிய குழி மண்ணைத் தாண்டித் தாண்டி ஓடினேன். ஹாலில் புகுந்தேன். பேப்பரை எடுக்க உள்ளே திரும்பிய அண்ணனை, "அண்ணே, மன்னிக்கணும்" என்று தோளைப் பிடித்து வெளியே தள்ளினேன். கதவுக்கு ஒரு தாழ்ப்பாள், ஜன்னலுக்கு ஒரு கொக்கி. அக்கா வந்து கதவைத் தட்டும் முன்னே போன் என் காதில் இருந்தது.

"லில்லி? சுகம்தானே?" என்றார்.

"சுகமா? என்ன சுகத்தக் கண்டீரு!" என்று தொடங்கினேன். எங்கே மூச்சு விட்டேன் என்று எனக்குத் தெரியாது. கையெழுத்து, அவர் அம்மா, ஒழுகுகிற கூரை, லிஷாவின் காய்ச்சல், அவர் இல்லாத நாலு கிறிஸ்துமஸ், ராத்திரியில் கடல் சத்தம் கேட்டு நான் எழுந்து உட்காருவது, எல்லாம் வந்தது. ஒன்றின் வாலைப் பிடித்து இன்னொன்று வந்தது. ஒருவழியாக நிறுத்தினேன். லைன் போய்விட்டதோ என்று பயந்துபோனேன்.

"கேக்குதா?" என்றேன்.

அவர் அழுதுகொண்டிருந்தார். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டும்தான்.

"லில்லியே, நாலு வருசமாட்டு எங்கிட்ட சுகமா, சாப்பிட்டீங்களாண்ணு கேட்டுட்டுக் கெடந்தது யாருட்டி? நீ எங்க போயிருந்தே?"

வெளியே அக்கா இரண்டு கையாலும் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"இன்னும் இருக்கு. வைக்காம கேளும்" என்றேன்.