உதவிப் பிரிவு ராமலிங்கம்

“நீ வேல பாக்குற கம்பெனி எங்க இருக்கு பூர்ணிமா?” என்று கீழ்வீட்டு வசந்தா கேட்டபோது, “மாடியிலதான்க்கா” என்றாள் பூர்ணிமா. வசந்தா அதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொண்டாள். ஆள் எடுத்தால் தன் மருமகளுக்காக ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனாள்.

பூர்ணிமா சொன்னது உண்மை. முதலியார்பேட்டையில் அந்த மாடி அறையும், ஒரு மேசையும், இரண்டு கணினித் திரைகளும், ஓடும்போது தலையாட்டும் ஒரு மின்விசிறியும்தான் கம்பெனி. அவளுக்கு நாற்பத்தேழு வயது. நிலத்தடி நீர் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் வேலை பார்த்தாள். திட்டம் முடிந்தது, வேலையும் முடிந்தது. வீட்டில் உட்கார்ந்து தானாக எழுதிய மென்பொருளுக்கு ‘ஊற்று’ என்று பெயர் வைத்தாள். ஒவ்வொரு கிணற்றிலும் தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது என்று அளந்து கொடுத்துவிட்டால், பூமிக்குள் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது, கடல் உப்பு எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று அது படம் போட்டுக் காட்டிவிடும்.

முதலில் அதைப் பயன்படுத்தியவர் ஒரே ஓர் ஆள். பழைய திட்டத்தில் ஊர் ஊராகப் போய்க் கிணறு அளந்த கொளஞ்சி. அவர் சொன்னதைக் கேட்டுக் கேட்டுத்தான், அளவுகளை நிரப்ப வேண்டிய ஒவ்வொரு கட்டத்தையும் அவள் அமைத்தாள். பிறகு காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு மாணவர் கேட்டு வாங்கிப் போனார். அவர் மேல்படிப்புக்கு வெளிநாடு போனபோது ஊற்றும் கூடப் போனது. அங்கிருந்த பேராசிரியர் இன்னொருவருக்குச் சொன்னார். பதினோரு வருடத்தில் நாற்பத்தொரு நாடுகளில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் ஆகிவிட்டார்கள். தெருமுனை மளிகைக்கடைக்காரருக்கு மட்டும் அவள் இன்னும் டைப்பிங் வேலை பார்க்கும் மாடிவீட்டம்மாதான்.

வெளிநாட்டிலிருந்து முதல் மின்னஞ்சல் கடிதம் வந்தபோது, உங்கள் குழுவில் யாரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும்தான் என்று சொன்னால் நம்பி வாங்குவார்களா என்று அவளுக்குப் பயம். ‘எங்கள் குழு’ என்று எழுதிவிட்டாள். புதிய வசதிகளைப் பற்றிய கடிதங்களில் தன் பெயரைப் போட்டுக்கொண்டாள். குறை சொல்லி வருகிற கடிதங்களுக்கெல்லாம் ‘ராமலிங்கம், உதவிப் பிரிவு’ பதில் எழுதினார்.

ராமலிங்கம் அவளுடைய அப்பா. பஞ்சாலையில் நூல் பிரிவில் மேஸ்திரியாக இருந்தவர். ஆலையில் யாருக்கு என்ன குறை என்றாலும் அவரிடம்தான் வந்து கத்துவார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கத்தினவர் ஓய்ந்ததும், “சரி, இப்ப இன்னா பண்ணலாம் சொல்லு” என்பார். ஆலை மூடிய பிறகு கொஞ்சகாலம்தான் இருந்தார். அவர் போன நாலு வருடம் கழித்து ஊற்றுக்கு உதவிப் பிரிவு தேவைப்பட்டபோது, அந்தப் பெயர்தான் அவள் கையில் வந்தது.

அந்த உதவிப் பிரிவோடு ஆறு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தவள் இஸபெல். ஆப்பிரிக்கக் கரையோரம் ஒரு சின்னத் தீவில் குடிநீர்க் கிணறுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர். ஒரு தடவை பூர்ணிமாவுக்குக் காய்ச்சல் வந்து பதில் தாமதமானது. முழங்கால் வலியால் இரண்டு நாள் வரமுடியவில்லை என்று ராமலிங்கம் எழுதிவிட்டார். அப்பாவுக்கு முழங்கால் வலி இருந்தது உண்மை. அதற்குப் பிறகு இஸபெல்லின் ஒவ்வொரு கடிதமும், முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்துத்தான் முடியும். பூர்ணிமாவை அந்த மாதிரி விசாரிக்க ஊரில் யாரும் கிடையாது. காலையில் காபியை வைத்துக்கொண்டு முதலில் அவள் தேடுவது அந்தத் தீவுக் கடிதத்தைத்தான்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும், ஒரு காலை இஸபெல்லின் கடிதத்தில் முழங்கால் இல்லை.

தீவின் பெரிய கிணறு உப்பாகிவிட்டது, மூடிவிட்டோம் என்று எழுதியிருந்தாள். கடல் மட்டத்துக்கு ஓரடி மேலே தண்ணீர் நிற்பதாக ஊற்று காட்டியதாம். அப்படி நின்றால் கடல் உப்பு உள்ளே வராது என்ற நம்பிக்கையில் இறைத்தார்களாம். இப்போது வேறு கருவியால் அளந்தால் ஓரடி கீழே நிற்கிறதாம். ‘நாங்கள்தான் எதையோ தவறாகப் போட்டிருக்கிறோம் போல. எங்கே தவறினோம் என்று சொல்ல முடியுமா?’ என்று கேட்டிருந்தாள்.

பூர்ணிமா இஸபெல் அனுப்பிய அளவுகளை ஊற்றில் போட்டுப் பார்த்தாள். சரியாக இரண்டடி வித்தியாசம். எந்த வரியைத் திறக்க வேண்டும் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. திறந்தாள். பக்கத்தில் அவளே எழுதிவைத்த குறிப்பு இருந்தது: ‘கொளஞ்சி அண்ணாவுக்காக.’

ஆழ்துளைக் கிணற்றின் பைப் தரைக்கு மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அளப்பவர்கள் பைப்பின் வாயிலிருந்து அளப்பார்கள். அதனால் நீட்டிக்கொண்டிருக்கும் உயரத்தைக் கழித்தால்தான் தரையிலிருந்து ஆழம் கிடைக்கும். அந்த உயரத்துக்கு ஊற்றில் ஒரு கட்டம் வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் அதை நிரப்ப கொளஞ்சிக்குச் சலிப்பு. “எல்லா பைப்பும் ரெண்டடிதாம்மா. சும்மா சும்மா என்ன அடிக்கச் சொல்றியே. வுடு, அதுவே எடுத்துக்கட்டும்” என்றார். கட்டம் காலியாக இருந்தால் இரண்டடி என்று எடுத்துக்கொள்ளும்படி அவள் எழுதினாள். கொளஞ்சி ஒருவர்தானே என்று அதை எங்கேயும் சொல்லிவைக்கவில்லை. பிறகு மறந்துபோனாள்.

தீவில் பைப் தரையோடு தரையாக இருந்தது. நீட்டல் இல்லை என்பதால் இஸபெல் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். ஊற்று பேசாமல் இரண்டடியைக் கழித்துக்கொண்டது.

பூர்ணிமா ஒரு பதிலை எழுதினாள். ‘நீங்கள் ஐந்தாவது கட்டத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறீர்கள். அடுத்த பதிப்பில் அது கட்டாயமாக்கப்படும். ராமலிங்கம், உதவிப் பிரிவு.’ அடியில் போட்ட பெயரைத் தவிர ஒரு வார்த்தையும் பொய் இல்லை. இஸபெல் நன்றி சொல்லியிருப்பாள், முழங்காலையும் விசாரித்திருப்பாள். இப்படிக் கட்டத்தைக் காலியாக விட்ட மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது. எல்லோருக்கும் உண்மையைச் சொன்னால் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்கள் போனால் காலையில் காபியோடு உட்கார்ந்து எதைப் படிப்பது? கடிதத்தை அனுப்பாமல் அப்படியே வைத்துவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ரெட்டியார்பாளையம் போனாள்.

கொளஞ்சி இப்போது அங்கே ஓர் அடுக்குமாடியில் வாட்ச்மேன். கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், அவளைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்து அவளுக்குத் தள்ளினார்.

“அண்ணா, பைப்பு வெளிய எவ்ளோ நிக்கும்?”

“ரெண்டடி.”

“எல்லா ஊர்லயுமா?”

“நான் பாத்த ஊர்ல எல்லாம்.”

“நீங்க பாத்த ஊரு எதெது?”

கொளஞ்சி விரல் விட்டு எண்ணினார். “பாகூரு, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம். கடலூர் பக்கம் ஒரு ரெண்டு. மழைத்தண்ணி உள்ள போவக்கூடாதுன்னு தூக்கி வெப்பானுங்க. இன்னாம்மா ஆச்சி?”

அவள் சொன்னாள். தீவு, இஸபெல், உப்பான கிணறு எல்லாவற்றையும் சொன்னாள். கொளஞ்சி வாயில் இருந்த வெற்றிலையை மெல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“தீவுக்கெல்லாம் நான் போனதே இல்லியேம்மா” என்றார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, “ஜனம் குடிச்ச கிணறா?” என்று கேட்டார்.

“ஆமா.”

“அப்ப என் பேரப் போட்டுடு. கொளஞ்சின்னு ஒருத்தன் சொன்னான், அத்த நம்பி வெச்சோம்னு எழுதிடு. அங்கேருந்து எவன் வந்து என்னக் கேக்கப் போறான்? வந்தா வரட்டும், ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கிக்கினுதான் உள்ள வுடுவேன்.”

பூர்ணிமா சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். ஆனால் திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தப் பேச்சு அவளை விடவில்லை. குறை கேட்க ஏற்கெனவே இறந்துபோன ஓர் ஆளை உட்கார வைத்திருக்கிறாள். இப்போது உயிரோடு இருக்கிற இன்னொருவர் தானாக வந்து அதே நாற்காலியில் உட்காரப் பார்க்கிறார். கட்டத்தை எழுதியது அவள் கை. சொல்லாமல் விட்டதும் அவள்தான்.

அன்று மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து புதிய கடிதம் எழுதினாள். காலியான கட்டம் என்ன செய்தது, யாரெல்லாம் மறுபடி கணக்கிட வேண்டும், எப்படிக் கணக்கிட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். கடைசியில் எழுதினாள்: ‘எங்கள் குழு என்று இதுவரை எழுதியது பொய். ஊற்றில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். உதவிப் பிரிவில் உங்களுக்குப் பதில் எழுதியதும் நான்தான். ராமலிங்கம் என் அப்பா. அவர் இறந்து பல வருடம் ஆகிறது. இந்தத் தவறு என்னுடையது. பூர்ணிமா.’

இரண்டாயிரத்துச் சொச்சம் பேருக்கும் அது போனது. இஸபெல்லுக்கும் அதே கடிதம்தான். தனியாக எழுத அவளுக்குக் கை வரவில்லை.

அன்று இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். மறுநாள் பதினாறு பேர். ஒரு நிறுவனம் தன் வழக்கறிஞர் மூலம் பேசுவதாக ஒரு வரி எழுதியது. அதன் பிறகு எதுவும் வரவில்லை. வழக்கமாகக் காலையில் டிங் டிங் என்று தட்டிக்கொண்டே இருக்கும் கணினி சும்மா இருந்தது. வசந்தா படியேறி வந்து எட்டிப்பார்த்தாள்.

“கரண்டு இருக்குதா உனக்கு? ரெண்டு நாளா மணிச்சத்தமே காணோம்.”

“இருக்குக்கா. லெட்டர்தான் வரல.”

“வரும் வரும்” என்றாள் வசந்தா, தபால்காரரை நினைத்துக்கொண்டு.

ஐந்தாம் நாள் இஸபெல் எழுதினாள். ‘உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கிணறு மூடியபடிதான் இருக்கிறது, உப்பு போகுமா என்று அடுத்த மழைக்குப் பிறகுதான் தெரியும். ராமலிங்கம் இல்லை என்பதை இன்னும் என் அம்மாவிடம் சொல்லவில்லை. அவருடைய முழங்காலுக்காக அவள் மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள். உங்கள்மேல் கோபமாக இருக்கிறேன். இங்கே எல்லோரும், பைப் எதற்காக இரண்டடி வெளியே நிற்க வேண்டும், அப்படி எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்கிறார்கள். உங்கள் வீட்டில் இருந்தால் அளந்து ஒரு படம் அனுப்புங்கள்.’

கீழே துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் பைப் நின்றது. பூர்ணிமா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஒரு முனையைத் தரையில் பிடித்துக்கொள்ள வசந்தாவைக் கூப்பிட்டாள்.

“எதுக்கு இத்தப் போய் அளக்குற?”

“ஒருத்தங்க கேட்டாங்கக்கா.”

“எவ்ளோ வருது?”

பூர்ணிமா குனிந்து பார்த்தாள். மறுபடி குனிந்து பார்த்தாள். “ஒண்ணே முக்கா அடி.”

“கம்மியா?”

“கால் அடி கம்மி.”

“எங்க மாமனாரு போட்ட நாள்லேருந்து இது இப்டித்தான் நிக்குது” என்றாள் வசந்தா. உள்ளே குக்கர் விசில் அடித்தது. நாடாவை விட்டுவிட்டுப் போனாள்.

பதினோரு வருடமாகத் தினமும் அந்த பைப்பைத் தாண்டித்தான் பூர்ணிமா படியேறினாள். நாடாவின் முனையைத் தன் கால் கட்டைவிரலால் தரையில் அழுத்திக்கொண்டு, மறு முனையைப் பைப்பின் வாய்வரை இழுத்துப் பிடித்து, இன்னொரு கையால் படம் எடுத்தாள். எண் தெளிவாகத் தெரிந்தது. படத்தின் அடியில் அவளுடைய கால்விரலும் விழுந்திருந்தது. அதை வெட்டாமல் அப்படியே அனுப்பினாள்.