அவித்த மண்ணில் ஒரு பிடி

இப்போதெல்லாம் கண்ணால் பார்ப்பதை ஒருத்தனும் நம்புவதில்லை. தாளில் அடித்து வந்தால்தான் நம்புகிறான். கன்று வாடினால் குனிந்து பார்க்க ஆளில்லை, வேரை வெட்டி ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு போக மட்டும் ஆள் வருகிறது. கீழக்குயில்குடி நர்சரியில் இருபது வருடமாகத் தண்ணீர் ஊற்றும் தவசிக்கு இதை நினைத்தாலே அலுப்பாக இருந்தது.

ஐஸ் பெட்டிக்காரி ஷெரின். கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். தைலமர வேரை ஒட்டி ஒரு பூஞ்சை வாழ்கிறதாம். மண்ணின் சத்தை மரத்துக்கு ஊட்டி, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்கிறதாம். அதை வெளியூரிலிருந்து பாக்கெட்டில் வாங்கி வந்து நூறு கன்றுப் பைகளில் கலந்தாள். இன்னொரு நூறு பைகளில் எதுவும் போடாமல் சிவப்பு ரிப்பன் கட்டினாள். இரண்டுக்கும் வளர்த்தியில் என்ன வித்தியாசம் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. பழைய பூஞ்சை எதுவும் இருக்கக்கூடாதென்று பைமண்ணை முதலில் டிரம்மில் வைத்து ஆவியில் அவித்தார்கள்.

“மண்ணைப் போயி இட்லி கணக்கா அவிக்கிறீகளே, வெளங்குமா?” என்று தவசி அன்றைக்கே கேட்டார். யாரும் காதில் வாங்கவில்லை.

ஆறாம் மாதம் கன்றுகளிலும் வேலியோரப் பெரிய மரத்திலும் வேர் வெட்டிக்கொண்டு போனவள், இன்று திரும்பி வந்து, பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

“தாத்தா, செவப்பு ரிப்பன் பையில ஏதாச்சும் போட்டீங்களா?”

“தண்ணி ஊத்துனேன்.”

“வேற?”

“வேற என்னத்தப் போட?”

ஷெரின் ஒரு போட்டோவை எடுத்து நீட்டினாள். கறுப்புத் தாளில் மூன்று வரிசையாக வெள்ளைக் கோடுகள்.

“இது பாக்கெட் பூஞ்சை. இது வேலியோரப் பெரிய மரத்து வேர்ல இருக்கிறது. இது செவப்பு ரிப்பன் கன்னு. நீங்களே பாருங்க.”

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பின்னிரண்டு வரிசையிலும் கோடுகள் ஒரே இடத்தில் விழுந்திருந்தன. முதல் வரிசை தனியாக நின்றது.

“வேர்நுனியில டி.என்.ஏ. எடுத்துப் பெருக்கி, வெட்டிப் பாத்தா, எந்தப் பூஞ்சைன்னு காட்டிக்குடுத்துரும் தாத்தா.”

காட்டிக்கொடுத்தது யாரென்று தவசிக்குத் தெரியும். இரண்டாம் மாதம் ரிப்பன் கன்றுகள் இலை சிவந்து குன்றிப்போய் நின்றன. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், வேலியோர மரத்தடியைக் கிளறி, பைக்கு ஒரு பிடி மண் போட்டார். அந்த ஒரு பிடி போடாமல் அவர் கை ஒரு தைலங்கன்றையும் வளர்த்ததில்லை. குழாயடியில் தூக்குவாளி கழுவிக்கொண்டிருந்த, கூட வேலை பார்க்கும் சின்னான் மட்டும் பார்த்தான்.

“போட்டேன். நூறுக்கும் போட்டேன். சாகட்டும்னு பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா தாயி?”

“சாகட்டும்னுதான் விட்டிருந்தேன்.” கவிழ்த்துக் கிடந்த தொட்டிமேல் உட்கார்ந்தாள். சத்தம் போடக்கூட அவளுக்குத் தெம்பில்லை. “ஆறு மாசமும் போச்சு. இனிமே மறுபடி மண்ணு அவிக்கணும்.”

“பாக்கெட்டுக் கன்னவிட ஒரு சாண் ஒசரம் நிக்குது. அத எழுதிக்க.”

“ஒண்ணுமே போடாத கன்னு பக்கத்துல இல்லாம எழுதுனா ஒருத்தரும் ஏத்துக்க மாட்டாங்க. அடுத்த தடவை கை வைக்க மாட்டேன்னு சொல்லுங்க.”

“அத விடு. சின்னான்தான சொன்னான்?”

“இந்தக் கோடுதான் தாத்தா சொல்லுச்சு!”

“கோடு சொல்லுச்சாம்.”

வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். குழாயடியில் சின்னான், “என்னண்ணே, டீ வாங்கியாரவா?” என்றான். தவசி முகம் கொடுக்காமல் அவனைத் தாண்டிப் போனார்.